புது டிவியில் ஒரு கோடு: திருப்பிக் கொடுப்பதா, ரிப்பேருக்கு விடுவதா?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் பெற்றோர் வீட்டுக்கு 2025 பொங்கலை ஒட்டி 55 அங்குல 4கே எல்இடி டிவி ஒன்றும், அதோடு ஒரு சவுண்ட்பாரும் வாங்கினோம். டிவி 52,990 ரூபாய், சவுண்ட்பார் 16,990 ரூபாய். பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு 3,000 கழித்தார்கள். மீதிக்கு ஆறு மாத இஎம்ஐ. ஜனவரி 10, வெள்ளிக்கிழமை பில் போட்டார்கள். அன்று மாலையே பெட்டிகள் வீட்டுக்கு வந்துவிட்டன. நான்கு நாளுக்குள் இரண்டு பொருளிலும் குறை தெரிந்தது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தோம், மற்றொன்றை வைத்துக்கொண்டோம்.

அந்த இரண்டு முடிவுகளையும் எதை வைத்து எடுத்தோம் என்று விவரமாக எழுதுகிறேன். கடையின் பெயரும் கம்பெனியின் பெயரும் இதில் வேண்டாம். எங்கே வாங்கியிருந்தாலும் இதே கேள்விகள்தான் வந்திருக்கும். எனக்குத் தெரிந்த பலர், புதுப் பொருளில் குறை வந்ததும் "வாரண்டி இருக்கே, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டு, பிறகு மாதக்கணக்கில் சர்வீஸ் சென்டருக்கு நடந்திருக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து நழுவியது முதல் சில நாட்கள்தான். அதனால்தான் தேதிவாரியாகச் சொல்கிறேன்.

சவுண்ட்பார்: குறை எங்கே இருந்தது

சனிக்கிழமை கம்பெனி ஆள் வந்து டிவியைச் சுவரில் மாட்டினார். சவுண்ட்பாரோடு வந்த எச்டிஎம்ஐ கேபிள் எட்டவில்லை. வீட்டில் பழைய மூன்று மீட்டர் கேபிள் ஒன்று இருந்தது, அதைப் போட்டோம். அன்று இரவே தொல்லை ஆரம்பித்தது. பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சத்தம் ஒரு நொடி நின்று மீண்டும் வரும். படம் அசையாமல் நன்றாக ஓடும். சத்தம் மட்டும் போகும்.

உடனே கடைக்கு போன் போட்டு "சவுண்ட்பார் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லத்தான் தோன்றியது. சொல்லியிருந்தால் தவறாகப் போயிருக்கும். சவுண்ட்பார் தனியாக வேலை செய்கிற பொருள் இல்லை. செட்டாப் பாக்ஸ், டிவி, கேபிள், சவுண்ட்பார் என்று நான்கு பேர் சேர்ந்து நடத்தும் வேலை அது. யார் சொதப்புகிறார் என்று ஒவ்வொருவராக விலக்கிப் பார்க்காமல் எதையும் திருப்பக் கூடாது.

முதலில் செட்டாப் பாக்ஸை விலக்கினேன். டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப் ஒன்றில் பாட்டு ஓடவிட்டேன். அப்போதும் சத்தம் நின்றது, அதனால் செட்டாப் பாக்ஸ் மீது தப்பில்லை. பிறகு எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியில் வந்த, ஒலியை மட்டும் கொண்டுபோகும் ஆப்டிக்கல் கேபிளில் டிவியையும் சவுண்ட்பாரையும் இணைத்தேன். ஞாயிறு முழுவதும், திங்கள் மதியம் வரை ஒரு முறைகூட சத்தம் நிற்கவில்லை. அப்படியானால் சவுண்ட்பாரும் நன்றாக இருக்கிறது, டிவியிலிருந்து ஒலி வெளியே வருவதும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருந்தது அந்தப் பழைய கேபிளும் எச்டிஎம்ஐ வழியும்தான்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் படமும் ஒலியும் பொதுவாக ஒரே திசையில், பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும். டிவியிலிருந்து ஒலி திரும்ப சவுண்ட்பாருக்கு வருவதற்கு 'ஆர்க்' என்ற வழியை 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-ல்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்பு சும்மா கிடந்த பின் ஒன்றுதான் இப்போது அந்த ஒலியைக் கொண்டுவருகிறது. பழைய கேபிளிலோ மலிவான கேபிளிலோ அந்த ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால், படம் அருமையாக வரும், சத்தம் மட்டும் விட்டு விட்டு வரும். எங்கள் வீட்டில் நடந்தது அதேதான். டவுனில் 450 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி மாட்டினேன். தொல்லை போய்விட்டது.

இதைத் திருப்பிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்து வரும் சவுண்ட்பாரிலும் அதே கேபிள், அதே தொல்லை. அதைவிட முக்கியம், டிவியைப் பற்றி அடுத்து நான் சொன்ன உண்மையான புகாரைக் கடைக்காரர் நம்பியிருக்க மாட்டார்.

டிவி: கோடு

திங்கள் ஜனவரி 13, போகி இரவு. டிவி ஓட ஆரம்பித்து இருபது நிமிடம் இருக்கும். திரையின் வலப்பக்கம், மேலிருந்து கீழ்வரை முடி அளவுக்கு ஒரு பச்சைக் கோடு. அணைத்துவிட்டு அரை மணி கழித்துப் போட்டால் இல்லை. மறுபடி சூடானதும் வந்தது.

அப்பா சொன்னார், "விடுடே, ஒத்தக் கோடுதானே. பண்டிக நேரத்துல எதுக்கு அலைச்சல்?" அம்மா விடவில்லை. "புதுசா வாங்குன சாமான்ல கோடு கெடந்தா, அதத்தானே தெனமும் பாத்துக்கிட்டு இருக்கணும்?" இரண்டு பேர் சொன்னதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுபது வயதில் அலைச்சலும் ஒரு செலவுதான்.

முதலில் பார்த்தது, கோடு எங்கிருந்து வருகிறது என்று. ரிமோட்டில் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தினேன். டிவி தானே வரைந்து காட்டும் அந்த மெனுவின் மேலும் கோடு ஓடியது. வெளியிலிருந்து வரும் படத்தில் குறை என்றால் மெனுவின் மேல் தெரியாது. ஆக, குறை டிவிக்குள். டிவிக்குள்ளும் எங்கே என்றால், ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் மெல்லிய நெடுங்கோடு பெரும்பாலும் பேனலின், அதாவது படம் காட்டும் கண்ணாடித் திரையின் விளிம்பில்தான் பிறக்கும். கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய பிலிம் பட்டைகளை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சிக்னல் அவை வழியாகத்தான் போகிறது. அந்த ஒட்டில் ஓர் இழை சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த வரிசை முழுவதும் கோடாக நிற்கும். சூட்டில் விரியும்போது தொடர்பு விடும், ஆறினால் சேரும். எங்கள் டிவி காட்டிய குணம் அப்படியே இதுதான். இதை பாண்டிங் குறை என்பார்கள். கம்பெனி சர்வீஸில் வீட்டில் வைத்து இந்த ஒட்டைச் சரிசெய்ய மாட்டார்கள், பேனலையே மாற்றுவார்கள்.

அதே இரவில் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறப் படம் போட்டுப் பார்த்ததில், இடது கீழ் மூலைக்குப் பக்கத்தில் உயிரில்லாத புள்ளி ஒன்றும் இருந்தது. அதை நான் புகாரில் சேர்க்கவில்லை. 4கே திரையில் 3,840-ஐ 2,160 ஆல் பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். அத்தனையில் ஒன்றிரண்டு செத்திருந்தால் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கம்பெனிகள் வாரண்டி விதியிலேயே வரம்பு வைத்திருப்பது வழக்கம். மூலையில் ஒற்றைப் புள்ளி, பத்தடி தள்ளி உட்கார்ந்தால் தெரியாது. அதற்காக நான் ஒரு டிவியைத் திருப்ப மாட்டேன். கோடு வேறு விஷயம். அது கண்ணை உறுத்தும், நாளாக நாளாகப் பக்கத்திலேயே இன்னொன்றும் வரலாம்.

வாரண்டியில் இலவசமாகப் பேனல் மாற்றித் தருகிறேன் என்றால்?

இந்த முடிவில் மனசு தடுமாறியது இங்கேதான்.

கடையில் சொன்ன விதி: ஏழு நாளுக்குள், கம்பெனி ஆள் வந்து பார்த்து 'டிஓஏ' சர்டிபிகேட் கொடுத்தால் மாற்றித் தருவோம். வரும்போதே பழுதாக வந்தது என்பதற்கான சான்று அது. ஏழு நாள் என்றால் ஜனவரி 17. நடுவில் 14, 15, 16 மூன்று நாளும் பொங்கல் விடுமுறை, சர்வீஸ் சென்டர் பூட்டியிருக்கும். போகி இரவே கம்பெனியின் கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்து ஜாப் நம்பர் வாங்கிவிட்டேன். கோட்டைச் செல்போனில் வீடியோ எடுத்தேன். டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் சீரியல் நம்பர் தெரியும்படி தொடங்கி, அப்படியே திரைக்கு வந்து, மெனுவைத் திறந்து காட்டும் ஒரே வீடியோ. வெட்டி ஒட்டினால் சந்தேகம் வரும்.

கடை மேனேஜரிடம் பேசினபோது அவர் அன்பாகத்தான் சொன்னார். "சார், பேனல் புதுசாவே வந்துடும் சார். மாத்திட்டா டிவியே புதுசு மாதிரிதான்." பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. இலவசம், வீட்டுக்கே வந்து செய்வார்கள், சுவரிலிருந்து கழற்றி ஏற்றி இறக்கும் வேலை இல்லை. அப்பாவுக்கும் அதுவே போதும் என்று இருந்தது.

ஆனால் பேனல் மாற்றுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 55 அங்குலக் கண்ணாடியைத் தொழிற்சாலையில் தூசி இல்லாத அறையில் வைத்துப் பொருத்துகிறார்கள். இங்கே இரண்டு பேர் வந்து கட்டில் மேல் போர்வை விரித்துக் குப்புறப் போட்டுக் கழற்றுவார்கள். கை பழகினவர்கள் நன்றாகவே செய்வார்கள். ஆனாலும் உள்ளே ஒரு தூசி விழுந்தால், மூலையில் வெளிச்சம் கசிந்தால், பிறகு அதை 'மேனுபாக்சரிங் குறை' என்று நிரூபிப்பது என் பாடு. மாற்றிப் போட்ட பாகத்துக்குப் புதிதாக ஒரு வருட வாரண்டியும் பெரும்பாலும் கிடையாது. பழைய வாரண்டியில் மிச்சம் இருக்கும் மாதங்கள்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் சட்டத்தில் இருந்தது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 41-ஆவது பிரிவு, பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது. அடுத்த பிரிவு, நியாயமான காலம் கடந்த பிறகும் 'எனக்கு வேண்டாம்' என்று விற்றவருக்குத் தெரிவிக்காமல் பொருளை வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது. ஏற்றுக்கொண்டுவிட்டால், 13-ஆவது பிரிவின்படி பொதுவாகப் பொருளையே நிராகரிக்கும் உரிமை போய்விடும். நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவுதான்.

2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. வாரண்டி விதியில் 'குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம்' என்று இருந்தால், கம்பெனியின் கடமை அந்த அளவுதான், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று தீர்ப்பானது. டிவி வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள், அநேகமாக அதே மாதிரி வாசகம்தான் இருக்கும். வாரண்டி என்ற கதவுக்குள் நுழைந்துவிட்டால் அங்கே ரிப்பேர் மட்டும்தான் கிடைக்கும். பொருளையே மாற்றிக் கேட்கும் கதவு கடைப் பக்கம், அதுவும் தொடக்க நாட்களில் திறந்திருக்கும். பேனல் மாற்றச் சம்மதித்தால் முதல் கதவுக்குள் நானே போகிறேன் என்று அர்த்தம். என் தடுமாற்றம் அங்கே தீர்ந்தது.

அதற்காக எல்லா ரிப்பேரையும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரிமோட், பவர் போர்டு, மெயின் போர்டு போன்றவை கழற்றி மாட்டும் பாகங்கள். மாற்றினால் பொருள் முன்பு போலவே இருக்கும். சாப்ட்வேர் அப்டேட்டில் தீரும் குறைகளும் உண்டு. அவற்றுக்காக 55 அங்குலப் பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றுவது வீண். பேனல் என்பது டிவியின் விலையில் பாதிக்கு மேல். அதை மாற்றுவது வேறு ரகம்.

கடிதம், ஓடிபி, டிஓஏ

மாட்டுப் பொங்கல் அன்று, 15-ஆம் தேதி, கடைக்கு ஈமெயில் அனுப்பினேன். பில் எண், சீரியல் நம்பர், கோடு முதலில் தெரிந்த தேதியும் நேரமும், புகார் ஜாப் நம்பர் எல்லாம் எழுதி, "இந்த டிவியை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. இதே மாடலில் சீல் பிரிக்காத புதுப் பெட்டி தர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்" என்று முடித்தேன். வெள்ளிக்கிழமை 17-ஆம் தேதி காலை அதையே தாளில் எடுத்துப் போய்க் கொடுத்து, நகலில் கடை முத்திரையும் தேதியும் வாங்கினேன். போனில் நூறு முறை பேசினாலும் இந்த ஒரு முத்திரைக்கு ஈடாகாது. டிவியை நான் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, நிராகரித்த பொருளை வாங்கியவர் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை, வேண்டாம் என்று தெரிவித்தாலே போதும் என்று அதே சட்டத்தின் 43-ஆவது பிரிவு சொல்கிறது.

சர்வீஸ் ஆளை அன்று மாலை ஏழு மணிக்கு வரச் சொல்லி, ஐந்து மணிக்கே டிவியைப் போட்டுவிட்டேன். சூடானால் வரும் குறையை ஆறிய டிவியில் காட்ட முடியாது. அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, ஸ்டெபிலைசர் இருக்கா?" இரண்டாவது, எங்கேயாவது இடித்துவிட்டதா. எறும்பு, பல்லி உள்ளே போயிருக்கிறதா என்றும் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். இவை மூன்றும் வாரண்டி மறுக்கப்படும் வழிகள், அவர் வேலையை அவர் செய்கிறார். டிவி லேபிளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்ததைக் காட்டினேன். பெட்டி வந்த அன்று நாலு மூலையையும், மாட்டுவதற்கு முன் திரையையும் எடுத்த போட்டோக்கள் கையில் இருந்தன. இடிபட்டது என்ற பேச்சு அதோடு முடிந்தது.

"பேனல் கம்ப்ளைன்ட்தான் அண்ணே. ஆர்டர் போட்டுருதேன், பத்து பதினஞ்சு நாள்ல வந்துரும்," என்று சொல்லி ஓடிபி கேட்டார். நான் கொடுக்கவில்லை. அந்த ஓடிபி போனால் புகார் 'திருப்தியாக முடிந்தது' என்று கணக்கில் ஏறிவிடும். ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார் என்று பார்த்தேன். 'பேனல் ரீப்ளேஸ்மென்ட்' என்றுதான் இருந்தது. "குறை பேனலில், பொருத்தி இரண்டாவது நாளே தெரிந்தது, வாடிக்கையாளர் ரிப்பேருக்குச் சம்மதிக்கவில்லை, டிஓஏ கேட்கிறார்" என்று எழுதச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார், ஆபீஸுக்குப் பேசினார், பிறகு எழுதினார். நல்ல பையன். அவருக்கு நான் கொடுக்க முடிந்தது ஒரு காபிதான்.

அடுத்த செவ்வாய் டிஓஏ வந்தது. கடையில் அதே மாடல் ஸ்டாக் இல்லை என்றார்கள். ஷோரூமில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்ப்ளே பீஸைத் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். 6,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அடுத்த மாடல் என்றார்கள், அதுவும் வேண்டாம் என்றேன். பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தோம். அதில் இரண்டு சிக்கல். எக்ஸ்சேஞ்சில் போன பழைய டிவி திரும்ப வராது, பொங்கல் விலையும் முடிந்திருந்தது. போதாததற்கு இஎம்ஐ கடன் ரத்தாகி வருவதற்குள் பிப்ரவரி தவணை கணக்கிலிருந்து போய்விடும். கடையோடு சண்டை என்று தவணையை நிறுத்துவதும் ஆகாது. கடன் கொடுத்தவர் வேறு, கிரெடிட் ஸ்கோர் அடிபடுவது நமக்கு. அதனால் மாற்றுப் பெட்டிதான் என்று நின்றோம்.

கடை மறுத்திருந்தால் அடுத்த படி என்ன என்றும் தயாராகத்தான் இருந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவது முதல் வேலை. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை உள்ள பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020 மின்வணிக விதிகள் குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று விற்பவருக்கே சொல்கின்றன. இதையெல்லாம் மேனேஜரிடம் மிரட்டலாகச் சொல்லவில்லை. முத்திரை வாங்கிய கடிதத்தின் கடைசி வரியில் 1915 என்று மட்டும் இருந்தது.

ஜனவரி 25, சனிக்கிழமை, மதுரை குடோனிலிருந்து சீல் பிரிக்காத பெட்டி வந்தது. பழைய அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் அப்பா மச்சில் பத்திரமாக வைத்திருந்ததால் பழையதைக் கட்டிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. பெட்டியைப் படுக்கப் போடாமல் நிறுத்தியே இறக்கச் சொன்னோம். பெரிய பேனல் படுத்தால் வளையும். சீரியல் நம்பர் பெட்டியிலும் டிவியிலும் ஒன்றுதானா, தயாரித்த மாதம் என்ன என்று பார்த்தேன். பிறகு இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாகப் போட்டுச் சோதித்த பிறகுதான் ஓடிபி கொடுத்தேன். ஆள் காத்திருந்தார். அம்மா அவருக்கு இட்லி வைத்தார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. பில்லில் பழைய சீரியல் நம்பரே இருந்தது. அதை அப்படியே விட்டால் இந்த டிவி கம்பெனிக் கணக்கில் வாங்கப்பட்டதே இல்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் புது நம்பரோடு திருத்திய பில் வாங்கி, அந்த நம்பரில் வாரண்டியைப் பதிந்தேன். அதற்கு மட்டும் ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பில்லின் நகல் டிவிக்குப் பின்னால் உறையில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் அந்த 450 ரூபாய் கேபிளின் பில்லும் இருக்கிறது.